பூனை வீட்டுக்குள்ளேயே இருக்கட்டும்
பூனை வளர்க்கும் மூத்தோருக்கும் அவர்தம் குடும்பத்தாருக்கும்

பிள்ளைகள் வேலைக்காகச் சிங்கப்பூருக்கும் கோலாலம்பூருக்கும் போய்விட்ட பல வீடுகளில், பெரியவர்களுக்குப் பேச்சுத்துணையாக இருப்பது ஒரு பூனை. அந்தத் துணை நல்லதுதான். ஆனால் கதவைத் திறந்துவிட்டு, "போய்விட்டு அதுவே வந்துவிடும்" என்று விடுவது பூனைக்கும் நல்லதல்ல, உங்களுக்கும் நல்லதல்ல.

வெளியே போன பூனை எதைத் தின்றது, எந்தப் பூனையோடு சண்டை போட்டது என்பது உங்களுக்குத் தெரியாது. காடியில் அடிபடலாம். எலி விஷம் தின்ற எலியைத் தின்னலாம். நோயுள்ள பூனையிடம் கடிபட்டு, அந்த நோயை உங்கள் மடிக்கே கொண்டு வரலாம்.

பூனையிடமிருந்து தொற்றும் பூஞ்சை நோய்

ஸ்போரோட்ரிக்கோசிஸ் என்பது ஒரு பூஞ்சை நோய். இந்தப் பூஞ்சை மண்ணிலும் அழுகும் செடிகொடிகளிலும் வாழ்கிறது. மலேசியாவில் இது மனிதருக்குப் பெரும்பாலும் பூனை வழியாகவே வருகிறது. நம் நாட்டு மருத்துவமனை ஒன்றில் ஆறு ஆண்டுகளில் இந்நோய் கண்ட 19 பேரைப் பற்றிய ஆய்வு 2012-இல் வெளிவந்தது. அவர்களில் பலர், நோய் வருமுன் பூனை கடித்ததாகவோ பிராண்டியதாகவோ கூறினர்.

பூனையிடம் காணும் அறிகுறிகள்: மூக்கு, காது, முகம், பாதம் ஆகிய இடங்களில் ஆறாத புண், புண்ணிலிருந்து நீர் வடிதல், சில பூனைகளுக்கு ஓயாத தும்மல். சண்டையில் வந்த காயம்தானே என்று விட்டுவிடாதீர்கள். புண்ணை வெறுங்கையால் தொடாமல், கையுறை அணிந்து, கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்.

மனிதரிடம் காணும் அறிகுறிகள்: பிராண்டிய இடத்தில் 1 முதல் 12 வாரங்களுக்குள் ஒரு சிறு கட்டி எழும். முதலில் வலி இருக்காது. பிறகு அது உடைந்து புண்ணாகும். அதே கையில், மேல்நோக்கி ஒன்றன்பின் ஒன்றாக வேறு கட்டிகளும் தோன்றலாம்.

சாதாரணக் கிருமிக்கொல்லி மாத்திரை பூஞ்சையைக் கொல்லாது. இந்நோய்க்குப் பூஞ்சைக்கான மருந்தை வழக்கமாக 3 முதல் 6 மாதங்கள் சாப்பிட வேண்டும். ஆகவே கையில் ஆறாத கட்டியோடு கிளினிக்குக்குப் போகும்போது, "எங்கள் வீட்டில் பூனை இருக்கிறது, அது பிராண்டியது" என்று மருத்துவரிடம் முதலிலேயே சொல்லுங்கள். நீங்கள் சொல்லும் அந்த ஒரு வார்த்தை, நோயைச் சரியாகக் கண்டுபிடிக்க உதவும்.

பெரியவர்களுக்கு ஏன் கூடுதல் கவனம்?

வயது ஏற ஏறத் தோல் மெலிகிறது. சிறு பிராண்டலே ஆழமாக இறங்கும். இனிப்புநீர் உள்ளவர்களுக்குக் காயம் ஆறத் தாமதமாகும். தொற்று எளிதில் பரவும். பூனையின் பல் ஊசி போன்றது. கடித்த துளை வெளியே சிறிதாகத் தெரிந்தாலும், கிருமி ஆழத்தில் தங்கிவிடும்.

இன்னொரு ஆபத்து விழுவது. வாசலைத் தாண்டி ஓடும் பூனையைப் பிடிக்க அவசரமாகக் குனிந்தாலோ, ஈரமான ஐந்தடியில் துரத்தினாலோ, இடுப்பெலும்பு முறியலாம். பூனை திரும்பி வரும். முறிந்த இடுப்பு பழையபடி ஆவது கடினம். எந்த நேரத்திலும் பூனையின் பின்னால் ஓடாதீர்கள்.

வெளியேறாமல் தடுக்கும் வழிகள்

1. இரண்டு தடுப்பு வையுங்கள். வரிசை வீட்டில் கிரில் கதவும் மரக்கதவும் இருக்கும். ஒன்றைச் சாத்திய பிறகே மற்றதைத் திறக்கும் பழக்கம் வேண்டும். கிரில் கம்பிகளின் இடைவெளியில் பூனை நுழைந்துவிடும். ஆகவே கிரில்லின் உட்புறம் கம்பி வலையைக் கேபிள் டையால் கட்டுங்கள். ஏணி ஏறும் வேலையைப் பிள்ளைகளிடமோ ஆளிடமோ விடுங்கள்.

2. ஜன்னலையும் பாருங்கள். கண்ணாடிப் பட்டை ஜன்னலுக்கும் அடுக்குமாடி பால்கனிக்கும் வலை அவசியம். பூனை உயரத்திலிருந்து விழுந்தால் எப்போதும் தப்பிவிடும் என்பது தவறான எண்ணம்.

3. வாசலருகே சாப்பாடு வைக்காதீர்கள். தட்டைச் சமையலறைப் பக்கம் வையுங்கள். நீங்கள் வெளியே கிளம்புமுன் அங்கே சிறிது தீனி போட்டால், பூனை வாசலை மறந்து அங்கே போகும்.

4. கருத்தடை செய்யுங்கள். பெண் பூனை 4, 5 மாதத்திலேயே சினையாகலாம். கருத்தடை செய்த ஆண் பூனைக்குத் துணை தேடி அலையும் வேகமும் சண்டையும் குறையும். வெளியே ஓடுவதற்கான பெரிய காரணமே இதனால் நீங்குகிறது.

5. விழா நாள்களில் அறையில் வையுங்கள். தீபாவளி, சீனப் புத்தாண்டு, நோன்புப் பெருநாள் காலங்களில் வெடிச்சத்தம் கேட்டுப் பூனை மிரளும். விருந்தினர் வந்து போவதால் கதவும் திறந்தே கிடக்கும். தண்ணீர், மணல் தட்டு, படுக்கத் துணியோடு ஓர் அறையில் அடைத்து, "திறக்க வேண்டாம்" என்று கதவில் எழுதி ஒட்டுங்கள்.

வெளியே திரிந்து பழகிய பூனையை எப்படி மாற்றுவது?

ஒரே நாளில் அடைத்தால் கத்தும். படிப்படியாகச் செய்யுங்கள். முதல் வாரம், மாலைச் சாப்பாட்டை வீட்டுக்குள் கொடுத்துவிட்டுக் கதவைச் சாத்தி, இரவு முழுதும் உள்ளே வையுங்கள். பிறகு பகல் நேரத்தையும் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பூனைக்கு வீட்டில் வேலை வேண்டும். விடியலிலும் அந்தியிலும் அதற்குத் துடிப்பு அதிகம். அந்நேரம் நாற்காலியில் உட்கார்ந்தபடியே, குச்சியில் கட்டிய கயிற்றை 10 நிமிடம் ஆட்டி விளையாட்டுக் காட்டுங்கள். நகம் கீறப் பழைய கோணிச் சாக்கு போதும். வலை போட்ட ஜன்னலருகே ஒரு பெட்டியை வைத்தால், பறவைகளைப் பார்த்துக்கொண்டே நேரம் போக்கும்.

மணல் தட்டை நாள்தோறும் சுத்தம் செய்யுங்கள். பூனை மலத்தில் டாக்ஸோபிளாஸ்மா கிருமி இருந்தால், அது தொற்றும் நிலைக்கு வர 1 முதல் 5 நாள் ஆகும். அன்றன்றே அள்ளிவிட்டால் ஆபத்து வெகுவாகக் குறையும். கையுறை அணிந்து, பின் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். கர்ப்பிணிகள் இந்த வேலையைச் செய்ய வேண்டாம்.

ஓடிவிட்டால்

வீட்டுப் பூனை பெரும்பாலும் தொலைவு போகாது. பயந்து பக்கத்திலேயே ஒளிந்திருக்கும். காடிக்கு அடியில், வடிகாலில், அண்டை வீட்டு ஸ்டோரில் தேடச் சொல்லுங்கள். தெரு அடங்கிய பிறகு, தீனி டப்பாவை ஆட்டிக் கூப்பிடுங்கள். மிரண்ட பூனையை வெறுங்கையால் தூக்காதீர்கள். தடித்த துண்டைப் போர்த்திப் பிடியுங்கள். முன்னதாகவே மைக்ரோசிப் பொருத்தி, ஒரு படமும் எடுத்து வைத்திருந்தால் தேடுவது எளிது.

கடித்தால், பிராண்டினால்

• உடனே, ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவுங்கள்.
• மஞ்சள், காப்பித்தூள், சுண்ணாம்பு எதையும் பூசாதீர்கள்.
• கடி என்றால் அன்றே கிளினிக்குக்குப் போங்கள். வீக்கம், சிவப்பு, காய்ச்சல் வரும்வரை காத்திருக்க வேண்டாம். இனிப்புநீர் உள்ளவர்கள் பிராண்டலையும் காட்டுங்கள்.
• சரவாக்கில் 2017 முதல் வெறிநாய்க்கடி நோய் இருந்து வருகிறது. பூனையும் அந்நோயைப் பரப்பும். அங்கே போயிருக்கும்போது கடிபட்டால், அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

பூனைக்கு உடம்பு சரியில்லை என்று உங்கள் பனடோலைக் கொடுக்காதீர்கள். அதிலுள்ள பாராசித்தமோல் பூனையைக் கொன்றுவிடும்.

இன்றே ஒரு வேலை செய்யுங்கள். வாசல் கிரில்லையும் ஒவ்வொரு ஜன்னலையும் பார்த்து, பூனையின் தலை நுழையும் இடைவெளிகளைக் குறித்து வையுங்கள். அடுத்த முறை பிள்ளைகள் வீட்டுக்கு வரும்போது அந்தக் குறிப்பை அவர்களிடம் கொடுங்கள்.