வாளி தூக்கிய கை

அன்பு மாப்பிள்ளைக்கு,

நேற்று இரவு உன் அம்மா அழுதுகொண்டே போன் செய்தாள். ஹாஸ்டலில் தண்ணீர் வாளி தூக்கியதில் உன் வலது முழங்கை வீங்கிவிட்டதாம். மூன்று நாள் முழுக்கைச் சட்டை போட்டு மறைத்து, வார்டன் கேட்டபோது சுளுக்கு என்று சொல்லியிருக்கிறாய். செமஸ்டர் தேர்வு நேரத்தில் ஊசிக்கு யார் அலைவது என்று நினைத்திருப்பாய். உன்மேல் எனக்குக் கோபமில்லை. இதே பொய்யை இதே கைக்காக நானும் சொன்னவன்.

முழங்கால் மூட்டுக்குள் ரத்தம் கசிந்தால் நொண்டுவோம், வீடே பார்த்துவிடும். முழங்கை உடம்பின் பாரத்தைத் தாங்குவதில்லை. சற்று மடக்கி வயிற்றோடு அணைத்துக்கொண்டால் வலி அடங்கும், பக்கத்தில் இருப்பவனுக்குக்கூடத் தெரியாது. ரத்தம் சரியாக உறையாத நம் ஹீமோபிலியாவில் கசிவு அதிகம் நடப்பது முழங்கால், கணுக்கால், முழங்கை ஆகிய மூன்றில்தான். அவற்றில் மறைக்க வசதியானது முழங்கை ஒன்றே.

மூட்டின் உள்பக்கம் மெல்லிய சவ்வு ஒன்று இருக்கிறது. உள்ளே தேங்கிய ரத்தத்தை உறிஞ்சி எடுக்கிற வேலை அதனுடையது. ரத்தம் போனாலும் அதிலிருந்த இரும்பு அந்தச் சவ்விலேயே படிந்துவிடும். இரும்பு படியப் படியச் சவ்வு தடித்து, அதில் புதிதாக மெல்லிய ரத்தக் குழாய்கள் முளைக்கும். அவை லேசில் உடையும். அதனால்தான் ஒருமுறை கசிந்த மூட்டே திரும்பத் திரும்பக் கசிகிறது. ஒரே மூட்டில் ஆறு மாதத்துக்குள் தானாக மூன்று முறை கசிந்தால் மருத்துவர்கள் அதைத் தனியாகக் குறித்துக் கண்காணிப்பார்கள். இதற்கிடையில் குருத்தெலும்பு அரிக்கப்படுகிறது. அது போனால் திரும்ப வளராது. வளரும் வயதில் இன்னொன்றும் சேர்ந்துகொள்கிறது. ரத்த ஓட்டம் கூடுவதால் முன்கை எலும்பின் தலைப்பகுதி பெருத்து, உள்ளங்கையை மேல்நோக்கித் திருப்ப விடாமல் தடுக்கும்.

எனக்கு அது நடந்தது ஒன்பது வயதில் தொடங்கி. பள்ளிக்கூட நாடகத்திலிருந்து என்னை எடுத்துவிடுவார்களோ என்று ஒரு வாரம் சொல்லாமல் இருந்தேன். பிறகு, கைராசிக்காரர் என்று பேரெடுத்த ஒருவரிடம் தாத்தா அழைத்துப் போனார். அவர் எண்ணெய் போட்டு நன்றாக உருவிவிட்டார். அன்று ராத்திரி கை இரண்டு மடங்காயிற்று. நகரத்து ஆஸ்பத்திரிக்குப் பேருந்தில் நான்கு மணி நேரம். அங்கே பிளாஸ்மா ஏற்றினார்கள். அப்போது எங்களுக்குக் கிடைத்தது அதுதான். தாத்தா சாகும்வரை அந்த எண்ணெயைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்.

அன்றாட வேலைகளுக்கு முழங்கை 30 டிகிரியிலிருந்து 130 டிகிரிவரை மடங்க வேண்டும் என்பார்கள். என் வலது கை 100-ஐத் தாண்டாது. உன் அம்மா கல்யாணப் பந்தியில் கை வாய்க்கு எட்டாமல், நீளக் காம்பு ஸ்பூனால் சாப்பிட்டேன். மாப்பிள்ளை வீட்டார் பார்த்தார்கள். கோவிலில் தீர்த்தம் வாங்க உள்ளங்கை திரும்பாது, இடது கையைத் தாங்கலாகக் கொடுத்து வாங்குகிறேன். சட்டையின் மேல் பொத்தானை இன்றும் உன் அத்தைதான் போட்டுவிடுகிறாள். சில நாள் சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்துப்போகும். முழங்கைக்குப் பின்னால் ஓடும் நரம்பு நசுங்குவதால்.

எலும்பு டாக்டர் முழங்கையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் இது தீராது. நோய் இருப்பது ரத்தத்தில். உனக்குக் குறைவது ரத்தத்தை உறைய வைக்கும் ஃபேக்டர் 8. ஊசியில் ஏற்றிய ஃபேக்டர் சுமார் 12 மணி நேரத்தில் பாதியாகக் குறைந்துவிடும். நேரம்தான் எல்லாம். வீக்கம் வருவதற்கு முன்பே மூட்டுக்குள் குறுகுறுப்போ கதகதப்போ தெரியும். உனக்கும் தெரிந்திருக்கும், வேண்டுமென்றே கவனிக்காமல் இருந்திருப்பாய். அந்தக் குறுகுறுப்பிலேயே ஊசி போட வேண்டும். வலிக்கு ஆஸ்பிரினும் ஐபுபுரூஃபனும் வேண்டாம், ரத்தம் உறைவதை இன்னும் கெடுக்கும், பாராசிட்டமால் போதும். கசிவு நின்ற பிறகு பிசியோதெரபிஸ்ட் சொன்ன நாளிலிருந்து கையை அசை. அதற்கு முன் நீயாக நீட்டிப் பார்க்காதே.

வேலூர் சிஎம்சி மருத்துவமனையில் நம் நோய் உள்ள ஐந்து பேருக்கு மரபணு சிகிச்சை செய்து, அதன்பின் கண்காணித்த காலத்தில் யாருக்கும் கசிவு வரவில்லை என்று 2024-இல் அறிவித்ததைப் படித்துவிட்டு அன்று முழுக்க எனக்கு வேலை ஓடவில்லை. தோலுக்கடியில் போட்டுக்கொள்ளும் எமிசிசுமாப் என்ற மருந்தும் வந்திருக்கிறது. நான்கு வாரத்துக்கு ஒருமுறைகூடப் போடலாம். உன் காலத்தில் இவை உன் கைக்கு எட்டக்கூடும். ஆனால் இவற்றில் எதுவும் அரித்துப்போன குருத்தெலும்பைத் திருப்பித் தராது. அதுவரை அந்தக் கை உனக்கு நல்லபடியாக இருக்க வேண்டும், மாப்பிள்ளை.

அம்மாவிடம் பேசு. இந்த நோய் அவள் வழியாக வந்தது என்று ஊரில் யாரோ சொன்னதை இன்னும் அவள் மறக்கவில்லை. அம்மா வழியாக வந்ததுதான், என் அம்மா வழியாக எனக்கும். அதில் யார் குற்றமும் இல்லை. நீ மறைத்ததுதான் அவளை வாட்டுகிறது.

சனிக்கிழமை வருகிறேன். வார்டனிடம் நானே பேசிக்கொள்கிறேன். ஃபேக்டர் குப்பியை வைக்க மெஸ்ஸில் குளிர்சாதனப் பெட்டி உண்டா என்று மட்டும் கேட்டு வை. வாளியை இனி அறைத் தோழன் தூக்கட்டும். அவனுக்கு நான் அல்வா வாங்கி வருகிறேன்.

உன் மாமா