மேல்மாடிச் சரக்கறைக்கு வழி அடைபட்ட கதை
(கடை வலையில் கோளாறு தேடும் முறை பற்றி வணிகர்களுக்கு ஒரு பாடம்)



நம் கடைகளில் கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் கணிப்பொறி வந்து அமர்ந்து வெகுகாலமாகிவிட்டது. கீழே விற்பனை, நடுமாடியில் கணக்கு, மேல்மாடியில் சரக்கறை என்றிருக்கும் சாதாரண ஜவுளிக் கடையில்கூட இன்று மூன்று சுவிட்சுகள் இருக்கின்றன. விளக்குப் போடும் சுவிட்சைச் சொல்லவில்லை. பல கணிப்பொறிகளின் கம்பிகள் வந்து கூடும் பெட்டிக்கும் அதுவே பெயர். அப்பெட்டிக்குள் நடப்பதை மெக்கானிக் அறிந்தால் போதும், முதலாளி அறிய வேண்டியதில்லை என்பது நம்மில் பலரது எண்ணம். அந்த எண்ணத்தால் பினாங்கில் ஒரு கடைக்காரர் தேவையில்லாத இரண்டு சுவிட்சுகளுக்குப் பணம் கட்ட இருந்தார். அவர் கடையில் நடந்ததை வைத்தே இப்பாடத்தைச் சொல்லுகிறேன்.

முதலில் 'வீலேன்' என்பது யாதெனப் பார்ப்போம். 'விர்ச்சுவல் லேன்' என்பதன் சுருக்கம் அது. சிங்கப்பூர் ஆற்றில் தொங்கான்கள் சரக்கு ஏற்றி இறக்கிய காலத்தை மூத்தவர்கள் அறிவார்கள். அப்படகுகள் 1983-இல் பாசிர் பாஞ்சாங்கிற்கு மாற்றப்பட்டன. ஒரே தொங்கானில் பல வணிகர்களின் மூட்டைகள் வரும். எது எவருடையது என்பதை மூட்டையின்மேல் இட்ட மார்க்கா சொல்லும். கரையேறியதும் மார்க்காவைப் பார்த்துத் தனித்தனிக் கிட்டங்கிக்கு அனுப்புவார்கள். சுவிட்ச் செய்வதும் இதே வேலைதான். விற்பனைக் கணிப்பொறிகளுக்கு ஓர் எண், கணக்கு அறைக்கு ஓர் எண், சரக்கறைக்கு ஓர் எண் என்று கொடுத்து, ஒரே கம்பியில் போனாலும் ஒன்றன் தகவல் மற்றொன்றில் கலவாமல் காக்கிறது. அந்த எண்ணுடைய பிரிவே வீலேன். இதற்கான பொது விதி 802.1க்யூ என்ற பெயரில் 1998-இல் வெளிவந்தது. ஒவ்வொரு தகவல் மூட்டையின்மேலும் 4 பைட் அளவுள்ள சீட்டு ஒட்டப்படுகிறது. எண் எழுத அதில் 12 பிட் இடம் உண்டு. ஆதலால் 1 முதல் 4094 வரை எண்கள் கொடுக்கலாம். நம் கடைக்கு ஐந்தே அதிகம்.

கணிப்பொறியும் அச்சுப்பொறியும் இந்தச் சீட்டை அறியமாட்டா. அவை செருகப்பட்ட போர்ட்டுக்கு 'ஆக்ஸஸ்' என்று பெயர். அங்கே சீட்டைக் கிழித்துவிட்டுத்தான் சுவிட்ச் தகவலைக் கொடுக்கும். ஒரு சுவிட்சையும் மற்றொரு சுவிட்சையும் இணைக்கும் போர்ட்டுக்கு 'டிரங்க்' என்று பெயர். அங்கே சீட்டு ஒட்டியபடியே போகும். ஈப்போவுக்கும் கோலாலம்பூருக்கும் 'டிரங்க் கால்' போட்டுக் காத்திருந்தவர்களுக்கு இச்சொல் புதிதன்று. பல பேச்சுகளைச் சேர்த்துக் கொண்டுபோகும் பெருவழி என்பதே அங்கும் பொருள். டிரங்கில் சீட்டில்லாத மூட்டையும் ஒன்று போகும். அதை எந்த எண்ணில் சேர்ப்பது என்பதற்கு 'நேட்டிவ்' எண் ஒன்றை இருமுனையிலும் எழுதிவைப்பர். ஒரு முனையில் 1 என்றும் மறுமுனையில் 20 என்றும் எழுதிவிட்டால் ஒருவர் சரக்கு மற்றவர் கிட்டங்கியில் இறங்கும்.

ஒரே எண்ணுக்குள் போக்குவரத்து நடத்தச் சுவிட்சே போதும். 30-இலிருந்து 20-க்குப் போக வேண்டுமாயின் வழிகாட்டும் யந்திரம் ஒன்று நடுவில் வேண்டும். அது தனி ரௌட்டராக இருக்கலாம். வழிகாட்டும் திறனுள்ள பெரிய சுவிட்சாகவும் இருக்கலாம். அந்த யந்திரம் ஒவ்வொரு வீலேனிலும் தனக்கென ஒரு முகவரி வைத்துக்கொள்கிறது. அந்த வீலேனிலுள்ள கணிப்பொறிகளுக்கு அதுவே 'கேட்வே', அதாவது வெளியே போகும் வாசல்.

இனி நடந்த சங்கதிக்கு வருவோம்.

நான் சொல்லும் கடையில் கீழ்த்தள விற்பனைக்கு 10, நடுமாடிக் கணக்கு அறைக்கும் அங்கிருக்கும் சர்வருக்கும் 20, மேல்மாடிச் சரக்கறைக்கு 30. நடுமாடியில் உள்ளது வழிகாட்டும் பெரிய சுவிட்ச். கீழும் மேலும் சிறிய சுவிட்சுகள். நோன்புப் பெருநாளுக்கு இரண்டு வாரம் இருக்கையில், ஒரு வியாழக்கிழமை இரவு, சரக்கறையில் கண்காணிப்புக் கேமரா மாட்ட ஆட்கள் வந்தார்கள். அதற்கு 50 என்று புது எண் கொடுத்தார்கள். நடுமாடியில் உள்ள பதிவுப் பெட்டியில் படம் தெரிந்தது. சந்தோஷமாகப் போய்விட்டார்கள்.

வெள்ளிக்கிழமை காலை முதல் சரக்கறைக் கணிப்பொறிகளுக்குச் சர்வர் கிடைக்கவில்லை. கீழே பில் போடுவது வழக்கம்போல் நடந்தது. மேலிருந்து இறங்கும் சரக்கு மட்டும் இருப்பிலிருந்து கழியவில்லை. துண்டுச் சீட்டில் எழுதிச் சமாளித்தார்கள். சனிக்கிழமை மாலைக்குள் ஒரே கைலிக் கட்டுகளை அலோர் ஸ்டாரிலிருந்து வந்த வியாபாரிக்கும் கூலிமிலிருந்து வந்த வியாபாரிக்கும் விற்றுவிட்டிருந்தார்கள். பெருநாள் சமயத்தில் வாக்குக் கொடுத்த சரக்கு இல்லை என்று சொல்வது எவ்வளவு சங்கடம் என்பதை உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

மறுபடி வந்த மெக்கானிக் பெரிய சுவிட்சில் பார்த்தார். 'வீலேன் 30' என்னும் வாசல் 'டவுன்' என்று காட்டியது. வழிகாட்டும் பகுதி கெட்டுவிட்டது, பெரியதையும் மேல்மாடிச் சுவிட்சையும் மாற்ற வேண்டும் என்று சொல்லிவிட்டார். அன்றிரவு முதலாளி என்னைக் கூப்பிட்டனுப்பினார்.

"தம்பி, ரெண்டையும் மாத்தணுமாம். திங்கட்கிழமை புதுசு வருது. நீ ஒரு தடவ பாத்துரு" என்றார்.

"காக்கா, கேமராவில சரக்கறை தெரியுதா?" என்று கேட்டேன்.

"அது பளிச்சுன்னு தெரியுது. அதுல ஒரு கொறையும் இல்ல."

"அப்ப மேல போற கம்பி நல்லாத்தான் இருக்கு. மேல உள்ள சுவிட்சும் நல்லாத்தான் இருக்கு."

கேமராவின் தகவல் வருவதும் அதே கம்பியில்தான். 50 வருகிறது, 30 வரவில்லை என்றால் பெருவழி உடையவில்லை. ஒருவரை விட்டு மற்றவரைத் தடுக்கிறார்கள் என்றே பொருள். கோளாறு தேடும்போது எது வேலை செய்யவில்லை என்பதைவிட எது வேலை செய்கிறது என்பதை முதலில் கேட்பது என் வழக்கம். பாதி வேலை அதிலேயே முடிந்துவிடும்.

அடுத்து, சரக்கறைக் கணிப்பொறி ஒன்றின் முன் உட்கார்ந்து 'பிங்' என்னும் கட்டளையால் மூன்று கேள்விகள் கேட்க வேண்டும். முதற்கேள்வி தன் சொந்த வாசலுக்கு: 192.168.30.1. இரண்டாவது, மறுபிரிவின் வாசலுக்கு: 192.168.20.1. மூன்றாவது, சர்வருக்கே: 192.168.20.10. வரிசை மாறக் கூடாது. சொந்த வாசலே பதில் தரவில்லையானால் வழிகாட்டுதல் பற்றிய பேச்சே எழவில்லை. தெருவுக்கு வரவே முடியாதவன் பஸ் வரவில்லை என்று குறை சொல்ல முடியுமா? கணிப்பொறிக்கும் வாசலுக்கும் இடையிலுள்ள போர்ட், டிரங்க் ஆகியவற்றை மட்டும் அப்போது பார்க்க வேண்டும். சொந்த வாசல் பதில் தந்து சர்வர் தரவில்லையானால், கோளாறு வாசலுக்கு அப்பாலோ, திரும்பி வரும் வழியிலோ இருப்பதற்கே வாய்ப்பு அதிகம்.

இங்கே முதற்கேள்விக்கே பதில் இல்லை. மேல்மாடிச் சுவிட்சில் டிரங்கின் விவரத்தைப் பார்த்தேன். 1 முதல் 4094 வரை எல்லா எண்ணுக்கும் அனுமதி என்றிருந்தது. மெக்கானிக்கும் இம்முனையை மட்டும் பார்த்துத் திருப்தியடைந்திருக்க வேண்டும். டிரங்குக்கு இரண்டு முனை உண்டு. நடுமாடியில் இறங்கி அந்த முனையைப் பார்த்தபோது, அனுமதிப் பட்டியலில் 50 ஒன்றே இருந்தது.

நடந்தது இதுதான். சிஸ்கோ வகைச் சுவிட்சுகளில் டிரங்கின் அனுமதிப் பட்டியலில் புது எண்ணைச் சேர்க்கும் கட்டளையில் 'ஆட்' என்ற சொல் இருக்க வேண்டும். அதை விட்டுவிட்டு எண்ணை மட்டும் எழுதினால், புதியது பழையவற்றோடு சேராது. பழைய பட்டியல் முழுவதும் அழிந்து புதியது மட்டுமே நிற்கும். யந்திரம் எச்சரிக்காது. மூன்றெழுத்து ஆங்கிலச் சொல் ஒன்று விட்டுப்போனதால் மேல்மாடி முழுவதும் துண்டிக்கப்பட்டது.

அப்படியானால் வாசல் 'டவுன்' என்று காட்டியது ஏன்? அவ்வாசல் உயிரோடிருக்க வேண்டுமானால் அந்த எண்ணைச் சுமக்கும் போர்ட் ஒன்றாவது அந்தச் சுவிட்சில் வேலை செய்துகொண்டிருக்க வேண்டும். 30-ஐச் சுமந்தது மேல்மாடி டிரங்க் ஒன்றே. பட்டியலிலிருந்து 30 போனதும் வாசல் தானாக மூடிக்கொண்டது. மெக்கானிக் விளைவைக் கண்டு அதையே காரணமென்று எண்ணிவிட்டார். 'ஆட்' சேர்த்து 30-ஐ எழுதினேன். ஒரு நிமிஷத்துக்குள் வாசல் திறந்தது. எழுதியதைச் சேமிக்கவும் வேண்டும். இல்லையேல் மின்சாரம் போய் வரும்போது பழைய தவறே திரும்ப வரும்.

சரக்கறைக் கணிப்பொறிகள் சர்வரைப் பிடித்துவிட்டன. முதலாளி டீ வரவழைத்தார். ஆனால் கணக்கு அறையிலிருந்து சரக்கறை லேபிள் அச்சுப்பொறிக்கு அனுப்பியது அச்சாகவில்லை. பக்கத்துக் கணிப்பொறியிலிருந்து அனுப்பினால் அச்சாகிறது. நடுமாடியிலிருந்து அனுப்பினால் இல்லை.

நான் கண்டவரையில், திரும்பி வரும் வழியைப் பார்க்கத்தான் பெரும்பாலோர் மறந்துவிடுகிறார்கள். தகவல் போய்ச் சேர்ந்தால் மட்டும் போதாது. பதில் திரும்பி வரவும் வழி வேண்டும். வெள்ளிக்கிழமைக் குழப்பத்தில் யாரோ அச்சுப்பொறியைத் தொழிற்சாலை நிலைக்குத் திருப்பிவிட்டு, முகவரியை மட்டும் மீண்டும் எழுதியிருந்தார்கள். வாசல் முகவரியை எழுதவில்லை. 30-இல் உள்ள கணிப்பொறிக்குப் பதில் சொல்ல அதற்கு வாசல் தேவையில்லை. 20-லிருந்து வந்தவனுக்குப் பதில் சொல்ல எந்தப் பக்கம் போவதென்று அதற்குத் தெரியவில்லை. கடிதம் கிடைத்தது, பதில் போடத் தபால் நிலையம் இல்லை. 192.168.30.1 என்று எழுதியதும் தேங்கி நின்ற லேபிள்கள் அனைத்தும் ஒன்றன்பின் ஒன்றாக வரத் தொடங்கின.

இதே திரும்பும் வழிக் கோளாறு வேறு வேஷத்திலும் வரும். வீலேன்கள் ஒன்றோடொன்று பேசும். இன்டர்நெட் மட்டும் சில பிரிவுகளுக்கு வராது. அங்கே வெளியே போகும் ரௌட்டருக்கு 192.168.30.0 என்ற பகுதி பெரிய சுவிட்சின் பின்னால் இருக்கிறதென்று எவரும் சொல்லியிருக்கமாட்டார்கள். ரௌட்டரில் அவ்வழியை எழுதினால் பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

மற்றக் கோளாறுகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நடுவிலுள்ள சுவிட்சில் அந்த வீலேன் எண்ணையே உண்டாக்காமல் விட்டிருந்தால், டிரங்கில் அனுமதி இருந்தும் தகவல் கடக்காது. பெரிய சுவிட்சில் வழிகாட்டும் வேலையைத் தனியாக இயக்கி வைக்க வேண்டியிருக்கும். இயக்காவிட்டால் வாசல்கள் திறந்திருந்தும் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தகவல் போகாது. கணிப்பொறியின் முகவரி 169.254 என்று தொடங்கினால், முகவரி வழங்கும் சர்வரை அது அடையவில்லை என்று பொருள். முகவரி கேட்கும் கூவல் தன் வீலேனைத் தாண்டாது, வாசலிலே அதை எடுத்தனுப்ப ஏற்பாடு வேண்டும்.

'மாஸ்க்' பிழை சற்று வஞ்சகமானது. 255.255.255.0 என்றிருக்க வேண்டிய இடத்தில் 255.255.0.0 என்று எழுதிவிட்டால், 20-இல் உள்ள சர்வர் தன் பக்கத்து வீட்டில் இருப்பதாகக் கணிப்பொறி எண்ணிக்கொள்ளும். வாசலுக்குப் போகாமல் தன் தெருவிலேயே பெயர் சொல்லிக் கூப்பிடும். சில சுவிட்சுகள் இடையில் புகுந்து தாமே பதில் சொல்லி இப்பிழையை மறைத்துவிடும். பல ஆண்டுகள் தெரியாமலே ஓடும். அச்சுவிட்சை மாற்றும் நாளில் வெளிப்பட்டு, புதுச் சுவிட்சின்மேல் பழி விழும்.

இன்னொன்று: விண்டோஸின் காவல் மென்பொருள் வேறு பிரிவிலிருந்து வரும் 'பிங்'குக்குப் பதில் தராமல் விட்டுவிடுவதுண்டு. ஆகவே மூன்றாம் கேள்விக்குப் பதில் இல்லையென்று உடனே வலையைக் குறை சொல்லற்க. சர்வரின் வேலை நடக்கிறதா என்று ஒருமுறை திறந்து பாருங்கள்.

புது சுவிட்சுகளுக்கான ஆர்டரை முதலாளி ஞாயிற்றுக்கிழமையே நிறுத்திவிட்டார். கூலிம் வியாபாரிக்கு வேறு நிறக் கைலி கொடுத்துச் சமாதானம் செய்ய வேண்டியிருந்தது; அதற்கு என்னிடம் கட்டளை எதுவும் இல்லை. சுவிட்சுப் பெட்டிக் கதவின் உட்புறத்தில் ஒரு தாள் ஒட்டி வந்தேன். எந்த எண் எந்தப் பிரிவுக்கு, அதன் வாசல் முகவரி என்ன, ஒவ்வொரு டிரங்கின் இரு முனையிலும் அனுமதித்த எண்கள் எவை என்று அதில் எழுதியிருக்கிறது. கீழே, யார் எந்தத் தேதியில் எதை மாற்றினார் என்று எழுதக் கோடு போட்ட இடம். மாற்ற வருகிறவரை அதில் எழுதாமல் படியிறங்க விடுவதில்லை என்று கடைப் பையன் சொன்னான். சென்ற மாதம் நான் போனபோது ஆறு வரி நிறைந்திருந்தது.