சத்தமும் செவியும்



நம்மைப் போன்ற ஒரு பெந்தெகொஸ்தே சபையின் பெயரிலேயே உச்ச நீதிமன்றத்தின் முக்கியமான தீர்ப்பு ஒன்று இருக்கிறது. உங்களில் எத்தனை பேருக்கு அது தெரியும்?

சென்னை மாதவரம் நெடுஞ்சாலைப் பக்கம் கே.கே.ஆர். நகரில் இருந்த சர்ச் ஆஃப் காட் (ஃபுல் காஸ்பல்) சபை அது. ஒலிபெருக்கி, ட்ரம்ஸ், கிட்டார் எல்லாம் வைத்து ஆராதனை நடக்கும். 1996 மே மாதத்தில் பக்கத்துக் குடியிருப்போர் சங்கத்தார் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்குப் புகார் கொடுத்தார்கள். வாரியம் அதைச் செங்கை எம்.ஜி.ஆர். மாவட்டக் காவல்துறைக்கு அனுப்பியது. (நம்ம கோவளமும் அன்றைக்கு அதே மாவட்டம்தான்.) அளந்து பார்த்தபோது, ரோட்டில் ஓடுகிற வண்டிகளால்தான் சத்தம் என்று அறிக்கை வந்தது. ஆனாலும் வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போயிற்று. 2000 ஆகஸ்ட் 30 அன்று சபையின் அப்பீல் தள்ளுபடியானது. பிறருடைய சமாதானத்தைக் கெடுத்து ஜெபிக்கும்படி எந்த மதமும் சொல்லவில்லை என்பது நீதிபதிகள் சொன்னதின் சாரம். வயதானவர்கள், வியாதிப்பட்டவர்கள், பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகள், விடியற்காலத்தில் தூங்குகிற குழந்தைகள் எல்லாரையும் அவர்கள் நினைத்துப் பார்த்தார்கள்.

இது நமக்கு விரோதமான தீர்ப்பு என்று சிலர் சொல்லுவார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கோவளத்துக் குப்பத்தில் வலையெடுத்துப் போகிற அண்ணன்மார் பொழுது விடியுமுன்பே எழும்ப வேண்டும். நாம் முழு இரவு ஜெபத்தில் உற்சாகமாய்ப் பாடத் தொடங்குகிற நேரம், அவர்களுக்கு நித்திரை நேரம்.

கண்ணுக்கு இமை உண்டு, காதுக்குக் கதவு கிடையாது. விழிப்பு வராவிட்டாலும் இரைச்சல் உள்ளே போய்விடும். இருதயத் துடிப்பு கூடும், நித்திரையின் ஆழம் குறையும். வருஷக்கணக்கில் இப்படியே நடந்தால் இரத்த அழுத்தமும் இருதய நோயும் வர வாய்ப்பு அதிகம் என்று மருத்துவர்கள் சொல்லுகிறார்கள். அதனால்தான் 2000-ம் வருஷத்து ஒலி மாசு விதிகள், குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல், இரவு 10 முதல் காலை 6 வரை 45 டெசிபல் என்று வரம்பு வைத்தன. 10 டெசிபல் கூடினாலே சத்தத்தின் சக்தி பத்து மடங்கு ஏறிவிடும்; வால்யூமை ‘கொஞ்சம்தானே’ கூட்டினேன் என்று சொல்ல வழியில்லை.

எலியா ஓரேபில் நின்றபோது காற்றிலும் பூமியதிர்ச்சியிலும் அக்கினியிலும் கர்த்தர் இருக்கவில்லை. பிற்பாடுதான் மெல்லிய சத்தம் வந்தது (1 இராஜாக்கள் 19). அதைக் கேட்கக் காது பழக வேண்டாமா? கூட்டம் ஆரம்பிக்குமுன் ஐந்து நிமிஷம் மைக்கை அணைத்துவிட்டு உட்காருங்கள். முதலில் கிழக்குக் கடற்கரைச் சாலையின் பஸ் ஹாரன்தான் காதில் விழும். அதை வெறுக்காமல் அப்படியே விடுங்கள். அதன்பின் அலை, காற்று, கடைசியில் உங்கள் சொந்த மூச்சு. பதறிப்போய் வந்தவர்கள் மூச்சு நிதானமாவதை நானே பார்த்திருக்கிறேன்.

இன்னொரு காரியம். அடுத்த முழு இரவு ஜெபத்தன்று பத்து மணிக்குள் ஜன்னல் கதவுகளை மூடிவிட்டு, பாட்டு நடக்கும்போதே ஒரு வாலிபத் தம்பியைத் தெருமுனைக்கு அனுப்புங்கள். அங்கே படுத்திருக்கிற ஒரு வீட்டுத் திண்ணைப் பக்கம் நின்று, என்ன கேட்கிறது என்று வந்து சொல்லட்டும். அவன் சொல்லுகிறபடி வால்யூமை வைப்போம்.