கோத்தலும் நெய்தலும்

பகவத்கீதையின் ஏழாம் அத்தியாயம், ஏழாம் சுலோகத்தில் பகவான் ஸ்ரீகிருஷ்ணர் தமக்கும் உலகிற்கும் உள்ள தொடர்பை உணர்த்த நூலையும் மணிகளையும் உவமையாகக் கூறுகிறார். அங்கே அவர் பயன்படுத்தும் சொல் ‘ப்ரோதம்’. தமிழில் இதனைப் பெரும்பாலும் ‘கோக்கப்பட்டது’ என்று மொழிபெயர்க்கிறோம். மணி என்ற சொல் அருகில் இருப்பதால் அது பொருத்தமான மொழிபெயர்ப்பே. ஆனால் அந்தச் சொல்லுக்குள் வேறொரு தொழிலும் மறைந்திருக்கிறது. அதைக் கவனியாமல் போனால் சாதகன் ஓர் அச்சத்தைத் தேவையின்றிச் சுமக்க நேரிடும்.

ஒன்றோடொன்றைச் சேர்ப்பதற்குத் தமிழில் சொற்களுக்குப் பஞ்சமில்லை. பூவைத் தொடுக்கிறோம், மணியைக் கோக்கிறோம், இலையைத் தைக்கிறோம், ஓலையை முடைகிறோம், கயிற்றைத் திரிக்கிறோம், பொன்னைப் பற்றவைக்கிறோம், துணியை நெய்கிறோம். இவை வெறும் சொல்வளம் அல்ல. சேர்ந்த பொருள்கள் சேர்க்கைக்குப் பின் என்னவாகின்றன, எதை நீக்கினால் அவை பிரியும் என்பதை ஒவ்வொரு சொல்லும் தனித்தனியாகச் சொல்கிறது.

பெங்களூர் பசவனகுடியில் காந்தி பஜார் பூக்கடைகளைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். மல்லிகையைக் கட்டுகிறார்கள், நூல் காம்பைச் சுற்றி வெளியே நிற்கிறது. செவ்வந்தியை ஊசியால் கோக்கிறார்கள். நூல் பூவின் நடுவே ஊடுருவிச் செல்கிறது. கன்னடத்திலும் முன்னதற்குக் ‘கட்டு’ என்றும், பின்னதற்குப் ‘போணிசு’ என்றும் வெவ்வேறு சொற்கள் உண்டு. கீதை கூறும் தொடர்பு இரண்டாவது வகையைச் சேர்ந்தது. இறைவன் உலகை வெளியிலிருந்து கட்டவில்லை. உள்ளே ஊடுருவித் தாங்குகிறான்.

ஆதிசங்கரர் இதோடு நிறைவடையவில்லை. ‘ப்ரோதம்’ என்ற ஒரு சொல்லுக்கு உரை எழுதும்போது அவர் நான்கு சொற்களை அடுக்குகிறார். அனுஸ்யூதம் என்றால் ஊடே தைக்கப்பட்டது. அனுகதம் என்றால் தொடர்ந்து உடன்செல்வது. அனுவித்தம் என்றால் துளைத்து ஊடுருவப்பட்டது. க்ரதிதம் என்றால் தொடுக்கப்பட்டது. சொற்சிக்கனத்திற்குப் பெயர்பெற்ற ஆசாரியர் ஒரே சொல்லிடம் இவ்வளவு நேரம் நிற்கிறார் என்றால் காரணம் இல்லாமல் இருக்காது. அடுத்து அவர் செய்வது இன்னும் வியப்பானது. மூலத்தில் மணியும் நூலும் மட்டுமே உள்ளன. சங்கரரோ, மணி உவமைக்கு முன்பாக, நீண்ட இழைகளில் துணி அமைந்திருக்கும் உவமையையும் சேர்த்துவிடுகிறார்.

இந்தத் துணி எங்கிருந்து வந்தது? ‘ப்ரோதம்’ என்ற சொல்லிலிருந்தே வந்தது. நெய்தலைக் குறிக்கும் ‘வே’ என்னும் தாதுவிலிருந்து பிறந்தது அச்சொல். பிருஹதாரண்யக உபநிஷதத்தில் ஜனகரின் அவையில் யாஜ்ஞவல்கியரிடம் கார்கி கேட்கும் கேள்விகளில் ‘ஓதம்’, ‘ப்ரோதம்’ என்று இரண்டு சொற்கள் இணைந்து வருகின்றன. நம் தறிக்காரர்களின் மொழியில் சொன்னால் ஊடும் பாவும். நீர் எதில் ஊடும் பாவுமாக நெய்யப்பட்டுள்ளது, காற்று எதில் நெய்யப்பட்டுள்ளது என்று கார்கி படிப்படியாகக் கேட்டுச் செல்கிறாள். கீதையின் சொல்லில் சங்கரர் கார்கியின் குரலைக் கேட்கிறார் என்றே தோன்றுகிறது.

மாலையின் நூல் அறுந்தால் மணிகள் சிதறும். ஆயினும் மணிகள் மணிகளாகவே இருக்கும். துணியிலிருந்து இழைகளை ஒவ்வொன்றாக உருவிவிட்டால் எஞ்சுவது என்ன? துணி என்று தனியாக ஒன்றும் எஞ்சாது. மணி நூலைச் சார்ந்து நிற்கிறது. துணியோ இழையாகவே இருக்கிறது.

அன்பர்கள் பலர் கேட்பதுண்டு: “சுவாமிஜி, சில நாட்கள் தியானத்தில் இறைவனோடு இணைந்திருப்பதாக உணர்கிறேன். சில நாட்கள் அந்தத் தொடர்பு அறுந்துவிடுகிறது. நான் என்ன செய்ய வேண்டும்?” இந்த வேதனை உண்மையானது; அதை அலட்சியப்படுத்தக் கூடாது. ஆனால் ‘அறுந்துவிடுகிறது’ என்ற சொல் மணிமாலைக்கு உரியது. தன்னை ஒரு மணியாக எண்ணியவருக்கே நூல் அறுமோ என்ற கலக்கம் ஏற்படும். அவரிடம் உண்மையில் மாறியது மனத்தின் நிலை. அந்த மனம் தெளிந்திருந்த போதும் கலங்கியிருந்த போதும் அதை அறிந்துகொண்டிருந்த உணர்வு இடையில் எங்கும் அறுபடவில்லை. அறுபட்டிருந்தால் ‘இன்று தியானம் கூடவில்லை’ என்பதை யார் அறிந்திருப்பார்?

‘யோகம் என்றால் இணைதல்தானே?’ என்று இங்கே ஒரு கேள்வி எழலாம். சம்ஸ்கிருத இலக்கணத்தில் ‘யுஜ்’ என்ற தாது, இணைத்தல் என்ற பொருளிலும் சமாதி என்ற பொருளிலும் தனித்தனியாகப் பட்டியலிடப்பட்டுள்ளது. பதஞ்சலி யோக சூத்திரங்களுக்கு உரை எழுதிய வியாசர், தொடக்கத்திலேயே யோகத்திற்குச் சமாதி என்று பொருள் கூறுகிறார். கீதையோ ஆறாம் அத்தியாயம் 23-ஆம் சுலோகத்தில், துன்பத்தோடு உள்ள சம்யோகத்திலிருந்து வியோகம் அடைவதையே யோகம் என்கிறது. மூன்றும் ஒரே தாதுவின் பிள்ளைகள்! இதை அப்படியே தமிழில் கொண்டுவர என்னால் இயன்றதில்லை. இல்லாத ஒன்றைக் கொண்டுவந்து முடிச்சுப் போடுவதை அந்தச் சுலோகம் பேசவில்லை. பொருந்தாமல் ஒட்டிக்கொண்ட ஒன்றை விலக்குவதைப் பேசுகிறது.

நியாய, வைசேஷிக தத்துவவாதிகள் இழைக்கும் துணிக்கும் உள்ள உறவைச் சமவாயம் என்றனர். மேசையும் புத்தகமும் தொட்டுக்கொண்டிருப்பது போன்ற சம்யோகத்திலிருந்து அதை வேறுபடுத்தினர். நுட்பமான பிரிவுதான். ஆனால் இரண்டை இணைக்கச் சமவாயம் தேவையென்றால், அந்தச் சமவாயத்தை அவ்விரண்டோடும் இணைக்க மற்றொன்று தேவைப்படும்; அதற்கு இன்னொன்று தேவைப்படும். பிரம்மசூத்திரம் 2.2.13 இந்த முடிவின்மையைத்தான் சுட்டிக்காட்டுகிறது. 2.1.15-இன் உரையில் சங்கரர், இழைகளுக்கு வேறாகத் துணி என்ற ஒன்று காணப்படுவதே இல்லை என்று முடித்துவிடுகிறார்.

தமிழ்ச் சைவப் பெரியோர்கள் இதே நுட்பத்தை இலக்கணத்தில் கண்டனர். உமாபதி சிவாச்சாரியார் திருவருட்பயனில் எடுத்துக்காட்டுவது ‘தாடலை’ என்ற சொல். தாளும் தலையும் புணர்ந்தது அது. எழுத்தில் ஒரே சொல். பொருளிலோ தாளும் உண்டு, தலையும் உண்டு. சங்கரரின் முடிவும் அவருடைய முடிவும் ஒன்றல்ல. ஆயினும் ‘சேர்தல்’ என்ற பொதுச்சொல் இங்கே போதாது என்பதை இருவருமே உணர்ந்திருந்தனர்.

அப்படியானால் மணிமாலை உவமையைக் கைவிட வேண்டுமா? வேண்டியதில்லை. அதைக் கூறியவர் பகவானே அல்லவா! மணிகள் நிறத்திலும் அளவிலும் வேறுபடுகின்றன. நூலோ கண்ணுக்குத் தெரிவதில்லை. ஜபமாலையை உருட்டும் விரல்களுக்கு அது போதுமான உபதேசம். சுலோகத்தை மொழிபெயர்க்கும்போது ‘கோத்தல்’ என்றே எழுதலாம். உரையைப் படிக்கும்போது மட்டும் தறியையும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

கார்கி மீண்டும் எழுந்து, ஆகாசம் எதில் ஊடும் பாவுமாக நெய்யப்பட்டுள்ளது என்று கேட்கிறாள். யாஜ்ஞவல்கியர் ‘அக்ஷரம்’ என்று பதிலளித்து, அந்த அழிவற்றதை எதிர்மறைச் சொற்களாலேயே விளக்குகிறார். பருமை இல்லாதது, நிழல் இல்லாதது, இருள் இல்லாதது என்று நீளும் அந்த வரிசையில் ‘அஸங்கம்’ என்பதும் ஒன்று. எதனோடும் ஒட்டாதது என்பது அதன் பொருள்.