துணையிதயம்

மாணவர்களே! மரக்காணத்து உப்பளங்களைக் கண்டிருப்பீர்கள். அங்கே நீரிறைக்கும் எந்திரம் தளர்ந்துவிட்டால் கடைப்பாத்திக்கு உவர்நீர் எட்டாது. இறைபடாத நீரோ பின்னே தேங்கும்.

நம் மார்பினுள்ளும் அத்தகையதோர் எந்திரம் உளது. நாம் வாளா இருக்கும்போதே இதயம் நிமிடத்திற்கு ஏறத்தாழ 5 லிட்டர் குருதியை உந்துகிறது. நாள் ஒன்றுக்கு ஏறத்தாழ 1 இலட்சம் முறை துடிக்கிறது. அதன் தசை நலிந்தால் உறுப்புகட்குப் போதிய குருதி செல்லாது. நுரையீரலிலும் கால்களிலும் நீர் தேங்கும். நாலடி நடப்பினும் மூச்சிரைக்கும். உப்பு உடலில் நீரைத் தேக்குவதாகலின், அதனைக் குறைக்குமாறு மருத்துவர் கூறுவர். உப்பு விளைக்கும் ஊரார்க்கு இது கசப்பான அறிவுரையே!

மருந்தாலும் தேறாதார்க்கு மாற்றிதயம் பொருத்துவர். இந்தியாவில் இம்முயற்சி 1994 ஆகஸ்டு 3-ஆம் நாள் தில்லியில், வேணுகோபால் என்னும் மருத்துவர் தலைமையில் முதன்முதல் வெற்றி பெற்றது. ஆயினும் மாற்றிதயம் வேண்டுவார் பலர், கிடைப்பனவோ சில. கிடைக்குமளவும் உயிரைக் காப்பது எங்ஙனம்?

அதற்கென எழுந்ததே துணையிதயக் கருவி. 1966-இல் அமெரிக்க நாட்டு ஹூஸ்டன் நகரில் டிபேக்கி என்பார், அறுவைக்குப்பின் தளர்ந்த இதயம் ஒன்றிற்கு இத்தகைய கருவியைப் பத்து நாள் துணைநிறுத்தி, நோயாளியைப் பிழைப்பித்தார். இந்நாளிற் சென்னையிலும் இதனைப் பொருத்துகின்றனர். இதயத்தை அகற்றுவதில்லை, அதன் இடக்கீழறையின் நுனியிற் சிறு கருவியொன்றைப் பதிப்பர். அதனுட் சுழலும் சக்கரம் குருதியை வாங்கிப் பெருந்தமனிக்குத் தள்ளும். புதிய வகையொன்றில், அச்சக்கரம் காந்தவிசையால் எதனையும் தொடாது மிதந்தே சுழல்கிறது.

இங்கொரு வியப்பு. இதயம் விட்டுவிட்டு உந்தும்; சக்கரமோ இடையறாது தள்ளும். ஆகவே, இக்கருவி பூண்டார் பலர் கையில் நாடி தென்படாது. ‘நாடி ஒடுங்கிற்று’ எனின் உயிர் நீங்கிற்று என்பதே யாம் பயின்ற தமிழில் பொருள். நாடியின்றி ஒருவர் உண்டு உரையாடுதலைக் கண்டால் நம் பழைய நாடி வைத்தியர் என் சொல்வரோ!

விலையோ பல இலட்ச ரூபாய். தொல்லைகளும் உள. வயிற்றுத் தோலைத் துளைத்து வெளிவரும் கம்பியே கருவிக்கு மின்சாரம் ஊட்டும். அத்துளையிற் கிருமி புகாது நாளும் காத்தல் வேண்டும்; கடலில் இறங்கி நீராடல் ஆகாது; குருதி உறையாமைக்கு மருந்துண்ணல் வேண்டும்; அம்மருந்தாற் குருதிக்கசிவும் நேரலாம்.

2020 நவம்பர் 25-ஆம் நாள் இரவு நிவர்ப் புயல் மரக்காணத்தருகே கரை கடந்தது. அத்தகைய இரவில் மின்சாரம் நின்றால் நாம் விளக்கின்றி விடியுமட்டும் பொறுத்திருப்போம். துணையிதயம் பூண்டார்க்கு அஃது இயலாது. அவர் வீட்டில் மின்னேற்றிய பாட்டரிகள் எப்போதும் அணித்தே இருத்தல் வேண்டும். புயலறிவிப்பு வந்தவுடன், மின்சாரம் தடைப்படாத மருத்துவமனையை அடுத்திருத்தல் நன்று. உறங்கும்போது கருவியை வீட்டு மின்னிணைப்பொடு பூட்டியிருப்பர். மின்சாரம் நின்றால் அஃது ஒலியெழுப்பும். அவ்வொலி கேட்டு, இருளில் எழுந்து பாட்டரியை மாற்றுபவர் மனைவியாகலாம். உம்மை ஒத்த மகனோ மகளோ ஆகவும் கூடும்.