பாம்புப் பெட்டிக்கு ஒரு பென்சில் சோதனை

தலை நுழைகிற இடத்தில் பாம்பின் உடலும் நுழைந்துவிடும். பாம்பு வளர்ப்பவர் மறக்கக் கூடாத கணக்கு இது. நகரத்து மாடி வீட்டில் தப்பிய பாம்பை பீரோவுக்குப் பின்னால் தேடிப் பிடித்துவிடலாம். கொல்லிமலை வாசலூர்பட்டியில் வீட்டைத் தாண்டினால் மிளகுக்கொடி படர்ந்த மரங்கள், காப்பித் தோட்டம், அதற்கப்பால் காடு. போனது போனதுதான். காட்டுக்கும் அது கேடு. அமெரிக்காவின் புளோரிடாவில், வளர்ப்பவர்களிடமிருந்து வெளியேறிய பர்மிய மலைப்பாம்புகள் சதுப்பு நிலத்தில் பெருகி, அங்கிருந்த சிறு விலங்குகளைப் பெருமளவு அழித்துவிட்டன.

முதலில் சட்டம்

நல்ல பாம்பு, சாரை, கண்ணாடி விரியன், நம் மலைப்பாம்பு ஆகியவை 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் காவலில் உள்ளவை. தோட்டத்தில் பிடித்த பாம்பைப் பெட்டியில் வைப்பது குற்றம். ஆப்பிரிக்காவின் பால் பைத்தான் போன்ற அயல்நாட்டு இனம் என்றால், 2024இல் வந்த விதிகளின்படி, கைக்கு வந்த 30 நாட்களுக்குள் அரசின் ‘பரிவேஷ்’ இணையதளத்தில் பதிய வேண்டும். இங்கே சொல்லும் அளவுகள் பால் பைத்தானுக்கானவை.

பெட்டி செய்யும் முறை

1. அளவு: வளர்ந்த பால் பைத்தான் 3 முதல் 5 அடி வரை நீளும். நான்கடி நீளம், இரண்டடி அகலம், இரண்டடி உயரம் தேவை. பிளைவுட் மூட்டுகளைச் சிலிகானால் அடைத்து, வாடை முழுதாகப் போன பிறகே பாம்பை விடுங்கள்.

2. கதவு: மேல்மூடியில் கல்லைத் தூக்கி வைப்பது பூட்டு ஆகாது, பாம்பு முட்டி முட்டித் தள்ளிவிடும். முன்பக்கம் நகரும் கண்ணாடிகள் இரண்டு வைத்து, கடைகளில் மாட்டும் ஷோகேஸ் பூட்டைப் போடுங்கள். இரண்டு கண்ணாடிகளும் ஒன்றன்மேல் ஒன்று வரும் இடத்திலுள்ள இடுக்கைப் பலர் கவனிப்பதில்லை. குட்டி நழுவுவது அங்கேதான். ரப்பர் பட்டை வைத்து அடையுங்கள்.

3. காற்று: மாமல்லபுரம் அருகே வடநெம்மேலியில் 1978இல் தொடங்கிய இருளர் பாம்புபிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்தில், விஷம் எடுக்கும் பாம்புகளை மண்பானையில் விட்டு, வாயைப் பருத்தித் துணியால் மூடிக் கயிற்றால் இறுக்குவார்கள். மூச்சுக்குத் துணி, காவலுக்குக் கயிறு. நம் பெட்டியில் துணிக்குப் பதில் 3 மில்லிமீட்டருக்கு மேல் கண் இல்லாத எவர்சில்வர் வலை. அதைச் சட்டம் வைத்து ஆணியடியுங்கள். ஒட்டும் டேப் வேண்டாம். செதிலில் ஒட்டினால் தோலோடு வரும்.

4. வயர் துளை: வயரின் தடிமனுக்கு மேல் ஒரு நூல்கூட இடம் விடாமல் அடையுங்கள்.

5. சூடு: மார்கழி, தை மாத இரவுகளில் மலையின் குளிர் பாம்பை முடக்கிவிடும். ஒரு பக்கம் 31–32 டிகிரி செல்சியஸ், மறுபக்கம் 26 அளவில் இருக்கட்டும். தெர்மோஸ்டாட் இல்லாமல் சூடேற்றி போடாதீர்கள். சூட்டுக்குப் பல்பு போட்டால், அதைச் சுற்றிக் கம்பிக்கூண்டு வேண்டும். இல்லாவிட்டால் பாம்பு பல்பைச் சுற்றிக்கொண்டு வெந்துபோகும். மின்வெட்டுக்கு இன்வெர்ட்டர் வைத்திருங்கள்.

6. உள்ளே: சூட்டுப் பக்கம் ஒன்று, குளிர்ந்த பக்கம் ஒன்று என இரண்டு மறைவிடங்கள், கவிழாத கனமான தண்ணீர்ச் சட்டி. ஒளிய இடமில்லாத பாம்புதான் ஓயாமல் வழி தேடி, மூக்கை வலையில் தேய்த்துப் புண்ணாக்கிக்கொள்ளும். அந்துருண்டை பக்கத்திலேயே வரக் கூடாது. எறும்பு ஏறாமலிருக்க, பெட்டியின் கால்களைத் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்துங்கள்.

இரண்டு சோதனைகள்

பாம்பை விடுமுன், எல்லாச் சந்துகளிலும் பென்சில் முனையை நுழைத்துப் பாருங்கள். நுழைந்தால் அடையுங்கள். பிறகு இரவில் அறையை இருட்டாக்கி, பெட்டிக்குள் டார்ச்சை எரியவிட்டு வெளியிலிருந்து பாருங்கள். வெளிச்சம் கசிந்தால், அது வலையும் கண்ணாடியும் இல்லாத இடமாக இருந்தால், அங்கே ஓட்டை இருக்கிறது. ஐப்பசி மழையில் பலகை உப்பும், கோடையில் சுருங்கும். ஆகவே பருவம் மாறும்போதெல்லாம் இந்த இரண்டு சோதனைகளையும் செய்ய வேண்டும்.

பெட்டி முதல் வேலி, அறை இரண்டாவது. ஓட்டுக்கும் சுவருக்கும் நடுவில் இருக்கும் இடைவெளியை வலையால் மூடி, கதவின் அடியில் ரப்பர் பட்டை ஒட்டுங்கள்.

தப்பிவிட்டால்

உடனே அறையை மூடுங்கள். இருட்டான, கதகதப்பான இடங்களை முதலில் பாருங்கள்: பிரிட்ஜின் பின்புறம், துணிமூட்டை, மரச்சாமான்களின் அடி. இரவில் வாசற்படி ஓரங்களில் கோலமாவைத் தூவி வைத்தால், காலையில் ஊர்ந்த தடம் தெரியும். கிடைக்கவில்லையென்றால் வனத்துறைக்கும் அக்கம்பக்கத்தாருக்கும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். ஒன்று நினைவிருக்கட்டும்: இந்த மலையில் நீங்கள் காணும் பாம்பு உங்களுடையதாக இல்லாமலும் இருக்கலாம். அடையாளம் தெரியாமல் கையை நீட்டாதீர்கள். கடித்துவிட்டால் 108ஐ அழைத்து நேராக மருத்துவமனைக்குப் போங்கள்.

பூட்டு எவ்வளவு நல்லதாக இருந்தாலும், இரை போட்ட அவசரத்தில் பூட்டாமல் போனால் வீண். சாவியை ஒருவர் பொறுப்பில் வையுங்கள். பூட்டிய பிறகு கண்ணாடியை ஒருமுறை கையால் நகர்த்திப் பாருங்கள்.