வயலே பள்ளி, விளைவே நிதி

உழவர்க்குப் பயிற்சியளிக்கப் பொருள் எங்கிருந்து வரும்? 1989-இல் இந்தோனேசியாவில் உழவர் வயல்வெளிப் பள்ளிகள் தோன்றின. ஏறத்தாழ 25 உழவர்கள் பருவம் முழுவதும் வாரந்தோறும் வயலில் கூடிப் பயிரையும் பூச்சியையும் ஆராய்ந்தனர். பூச்சிமருந்து சிலந்தி முதலியவற்றை அழிப்பதால் புகையான் பெருகுவதைக் கண்ணாரக் கண்டனர். ஆயினும் செலவைத் தாங்கியது பெரும்பாலும் வெளியுதவியே. உதவி நின்றால் பள்ளியும் நிற்கும்.

இம்முறை பின்னர் மேற்குக் கென்யாவை அடைந்தபொழுது, ஆங்குள்ள குழுக்கள் சில ஒரு வழி கண்டன. பயிற்சி நிலத்தோடு, விற்பனைக்கென மற்றொரு நிலத்திலும் கூடிப் பயிரிட்டு, அவ்வருவாயைப் பயிற்சிச் செலவுக்கு அளித்தன.

தொடங்குவதற்கு மானியம் பெறலாம். தொடர்ந்து நடத்த உறுப்பினர் உழைப்பே முதலாகும். அடுத்த பருவத்திற்கு முன் நம் சங்கங்களும் சிறு நிலமொன்றை இதற்கென ஒதுக்குதல் நன்று.